மிச்சத்தின் பெயர்

ஏற்காடு ஏரிக்கரைக் கடையொன்றின் உறைபெட்டியிலிருந்து
இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி
ஐஸ் பையில் வியர்த்தபடி
என் மேசைக்கு வந்தது மாதிரி எண் நானூற்றுப் பதினேழு.
சிக்கன் சாசேஜ். பத்துத் துண்டு.
அட்டையில் ஒரு சேவல் சிரிக்கிறது,
அரைத்தவர்கள் மேல் வருத்தம் எதுவுமில்லாமல்.

அரைத்ததை மறுபடி அரைப்பதுதான் என் முதல் வேலை.

உலர்கலத்தில் வைத்து ஈரத்தை விரட்டினேன்.
அறுபத்திரண்டு புள்ளி நான்கு.
காசு கொடுத்து வாங்கியதில் பாதிக்கு மேல் தண்ணீர்.
எங்கள் தெருக்குழாயில்
நாலு நாளைக்கு ஒருமுறை வருகிற அதே ஆசாமி.

ஈத்தரில் ஆறு மணி நேரம் சொட்டிச் சொட்டி
குடுவையின் அடியில் மஞ்சளாய்த் தங்கியது கொழுப்பு:
பத்தொன்பது புள்ளி இரண்டு.

எரித்தால் சாம்பல் மூன்று புள்ளி ஒன்று.
அதில் மூன்றில் இரண்டு பங்கு உப்பு.
வெள்ளி நைட்ரேட் துளித்துளியாய் விழ
திரவம் செங்கல் நிறத்துக்குத் திரும்பும்,
அங்கே நிறுத்தத் தெரிய வேண்டும்.
என் கைக்குத் தெரியும்.
நாக்குக்குத் தெரியாது.
டிபன் டப்பாவின் மூலையில் எலுமிச்சை ஊறுகாய்,
கைப்பையில் ரத்த அழுத்த மாத்திரை.

புரதத்தை நாங்கள் நேரில் பார்ப்பதில்லை.
கந்தக அமிலத்தில் கொதிக்கவிட்டு
கிடைக்கிற நைட்ரஜனை ஆறேகாலால் பெருக்குகிறோம்.
கோழியா சோயாவா, எங்கிருந்து வந்தாய் என்றால்
நைட்ரஜன் வாய் திறக்காது,
எத்தனை வாய்தா போட்டாலும்.
அட்டை சொல்கிறது பதினான்கு.
எனக்கு வந்தது பத்து புள்ளி எட்டு.
மூன்று முறை செய்தேன்.
மூன்று முறையும் சேவல் சிரித்தது.

மாவுச்சத்தை அளப்பதே இல்லை.
நூறிலிருந்து எல்லாவற்றையும் கழித்துவிட்டு
மிச்சத்துக்கு அந்தப் பெயரை வைத்துவிடுகிறோம்.
நாலரை.

படிவம் கேட்காத ஒன்றையும் செய்தேன்.
வெட்டிய துண்டின் மேல் அயோடின் ஒரு சொட்டு.
நைட்ரைட் காப்பாற்றித் தந்த இளஞ்சிவப்பு
கண் இமைப்பதற்குள் கருநீலம்.
அட்டையைத் திருப்பினேன்.
ஒட்டின மடிப்புக்குக் கீழே
எறும்பெழுத்தில்: மரவள்ளி மாவு.

ஆத்தூர் ரோட்டு மில்லில் லோடு எழுதுகிற
தம்பி குணாளனைக் கூப்பிட்டேன்.
"ஓசூர் போவுதுக்கா, அதுக்கு அந்தாண்டையும் போவுது.
துணிக்குக் கஞ்சி, அட்டைப்பெட்டிக்குப் பசை,
எதுல கலக்கறாங்கன்னு நாம எங்க கேக்கறோம்?
கிழங்குக்கு இந்த வருசம் வெலயே இல்ல.
ஆமா, அதுல எவ்ளோ சேக்கறாங்க?"

நூறு கிராமுக்கு நாலரை, என்றேன்.

"அவ்ளோதானா?"

கோழி குறைந்ததற்கு நான் வருந்திக்கொண்டிருக்க
கிழங்கு குறைந்ததற்கு அவன் வருந்தினான்.
பின்னால் மூட்டை விழும் சத்தம்.
யாரையோ ஓரமாய் அடுக்கச் சொல்லிவிட்டு
வைத்துவிட்டான்.

அறிக்கையில் எழுதினேன்:
புரதம், அட்டையில் அறிவித்ததைவிடக் குறைவு.
ஆற்றல், இருநூற்று முப்பத்து நான்கு கலோரி.
சொந்த ஊர் எழுத அதில் கட்டமில்லை.
மீதி ஏழு துண்டை அரக்கு வைத்துப் பூட்டினேன்,
கம்பெனி வக்கீல் கேட்டால் காட்டுவதற்கு.

இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை.
அம்மாப்பேட்டை பஸ்ஸில்
கட்டணமில்லாச் சீட்டை வாங்க நீட்டிய விரலைப் பார்த்து
கண்டக்டர் கேட்டார்:
"ஏனுங்க்கா, எங்க எலக்சன்?"